வளவுக்காரியின் பீச்சஸ் மரம்

என் பீச்சஸ் மரத்தின் வேரில் மீன் ஐஸைக் கொட்டியவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அவர் என் கணவர் என்பதாலும், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர் என்பதாலும் பாதி மன்னித்திருக்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. எழுதினால் தீரும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கூடுகிறதே தவிரக் குறைவதாகக் காணோம்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடலுக்கும் பெரிய வீதிக்கும் நடுவில் இருக்கிறது. அவர் ஒலுவிலிலும் கரையிலும் மீன் எடுத்து, பெட்டிகளில் ஐஸ் போட்டு, லொறியில் மலைநாட்டுப் பக்கம் அனுப்புகிறவர். நான் வீட்டிலிருந்து கல்முனைக் கடை ஒன்றுக்கு அபாயா தைக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள்.

பீச்சஸ் பைத்தியம் எனக்குத் தானாக வந்ததல்ல, ஊர்தான் பிடித்துவிட்டது. ஒரு நாள் துணி எடுக்கக் கல்முனைக்குப் போனபோது வீதியோரத்தில் ஒரு லொறி நிறைய மரக்கன்றுகள். ஒவ்வொரு கன்றிலும் கலர்ப் படம் ஒன்று தொங்கியது. அப்பிள், பெயார்ஸ், பீச்சஸ். அதற்கு முன் பீச்சஸை நான் தகரத்தில் அடைத்துத்தான் கண்டிருக்கிறேன், கட்டாரிலிருந்து வருகிறவர்கள் கொண்டு வருவார்கள். படத்தில் அது சிவந்து, கன்னம் போலத் தெரிந்தது. "கடற்கரைக்கு வருமா?" என்று கேட்டேன். "எங்கயும் வரும் அக்கா, கூடை கூடையாப் பிடுங்கலாம்" என்றான் அந்த வியாபாரி. வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நட்டேன். அது வளர்ந்தது, பூத்தது, காய்த்தது. காய்த்தது ஜம்பு.

ஜம்புவில் ஒரு குற்றமும் இல்லை. இந்த ஊரில் கல்லை எறிந்தால் ஜம்பு மரத்தில்தான் விழும், அவ்வளவுதான். ஆனால் வாசலுக்கு வந்த ஒவ்வொருவரும் அதைப் பிடுங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டே, "உங்கட பீச்சஸ் நல்லா இரிக்கி" என்றார்கள். என் கணவர் பை பையாகக் கட்டிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் கூட்டாளிமாருக்குக் கொடுத்து, "வீட்டுப் பீச்சஸ், தின்னுங்க" என்று சிரித்துவிட்டு வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டு வாயைக் கூட மூட முடியவில்லையே என்பதுதான் எரிச்சல். உண்மையான பீச்சஸை வீட்டைச் சுற்றியுள்ள இதே வளவில் காய்க்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்து, உலகத்தில் யார் யார் பீச்சஸ் வளர்க்கிறார்களோ அவர்களையெல்லாம் பார்த்தேன். கொட்டையைப் புதைத்து முளைக்க வைத்தால் தாய் மரத்தின் குணம் வருமென்று சொல்ல முடியாது, ஒட்டுக் கன்றுதான் வேண்டும் என்று விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. அந்த மரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். எங்கள் ஊரில் மரம் என்ன, மனிதரே உறங்குவதில்லை.

அவருடைய மீன் லொறி குளிரான மலையூர் பண்டாரவளைக்குப் போகும். ஒரு முறை முன் சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். அங்கே அவரிடம் மீன் எடுக்கும் ஒருவர் சொல்லி, வீட்டுத் தோட்டத்தில் பீச்சஸ் ஒட்டுக் கட்டி விற்கும் ஒரு பெண்ணைத் தேடிப் போனோம். என் வயதுதான் இருக்கும், நல்ல தமிழ் பேசினாள். எந்த ஊர் என்று கேட்டாள். கல்முனைப் பக்கம் என்று சொன்னேன். கையிலிருந்த கன்றைத் திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

"கல்முனைக்கா? அந்த வெயிலுக்கு நாங்களே வாடிப் போயிருவோம். கொல்லுறதுக்கா மரம் வாங்குறீங்க?"

எனக்குச் சுரீரென்றது. என் வளவைக் கண்ணால் காணாதவள், என் கையை அறியாதவள், கொலைகாரி என்று தீர்த்துவிட்டாள். ஆனாலும் கோபத்தை அடக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டேன். "குளிர் குறைஞ்ச வருசத்திலயும் உங்கட தோட்டத்தில எந்த மரம் பூத்த?" அவள் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குசினிச் சுவரோரம் நின்ற மரம் ஒன்றைக் காட்டினாள். அடுப்புப் புகையும் சூடும் படுகிற இடம். காய் சிறிது, ருசியும் சுமார், யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், ஆனால் அது மட்டும் பூக்காத வருடம் இல்லை என்றாள். அதிலிருந்து கட்டிய ஒட்டுத்தான் வேண்டும் என்று நின்றேன். இருந்தவற்றில் உயர்ந்து நின்றதை விட்டுவிட்டு, குட்டையாக, ஒட்டுக் கட்டிய முடிச்சு நன்றாகப் பொருந்தித் தடித்திருந்ததை எடுத்தேன். வரும் வழியெல்லாம் மீன் நாற்றத்துக்குள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நடும் இடத்தைத் தேடி வளவை எத்தனை தரம் சுற்றினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கிழக்கே கடல், உப்புக் காற்று. மேற்கே இருந்து கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசத் தொடங்கினால் இலை கருகும். கடைசியில் வீட்டுக்கும் மேற்கு மதிலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய துண்டு நிலத்தைத் தெரிந்தெடுத்தேன். கடல் காற்றை வீடு மறைக்கும், கச்சானை மதில் மறைக்கும். வெறும் மணலில் அது பிழைக்காது என்று ஆழமாகத் தோண்டி, அடியில் தேங்காய் மட்டைகளை அடுக்கி, சாகாமத்து வயல் மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பினேன். கொப்பு விடத் தொடங்கியதும் நடுவில் எழும்பிய தண்டை வெட்டி, வெயில் உள்ளே விழும்படி கிண்ணம் மாதிரி விரித்து வளர்த்தேன்.

மரம் வாளிப்பாக வந்தது. நீண்டு ஒடுங்கிய இலைகள், நல்ல நிழல். பூ மட்டும் இல்லை. ஒரு வருடம் போனது, இன்னொன்றும் போனது. ஆண் மரம் என்றார்கள். விளக்குமாற்றால் அடித்தால் ரோசம் வந்து காய்க்கும் என்றார்கள். பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள் பக்கத்து வீட்டு ராத்தா. ஏன், ஒருவருக்கும் ஒரு வேலையும் இல்லையா? என் மரம் காய்க்காவிட்டால் இவர்களுடைய சோற்றுக்கு என்ன குறை?

இந்த நிலையில்தான் மகளுக்குச் சம்பந்தம் வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. மகள் கலியாணம் முடிக்கும்போது தாய் தகப்பன் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு அறையோ இரண்டு அறையோ போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கும் இந்த வீடு அப்படித்தான் வந்தது, என் கணவரும் அப்படித்தான் வந்தார். வெளியூர்க்காரர்கள் கேட்டால், பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை என்று மெச்சுவார்கள். அந்த மரியாதையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கும். அந்த வீட்டில் சுவர் எங்கே, ஜன்னல் எங்கே, எத்தனை மாடி என்பதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். நல்ல மனுஷிதான். நல்ல மனிதர்களிடம்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது, அதற்கு என்ன செய்ய? மேல் மாடி ஒன்று எடுத்துத் தர வேண்டும் என்பது ஏற்கெனவே பேசி முடித்த கதை. இப்போது மாடிப்படி எங்கே வைப்பது என்று வளவைச் சுற்றி வந்தவர், நேராகப் போய் என் பீச்சஸ் மரத்தடியில் நின்றார்.

"உள்ளுக்குப் படி வெச்சா ஹோல் சிறுத்திரும். இதால எடுத்தா வடிவா இரிக்கும். இது என்ன மரம், காய்க்கிறயா?"

"பீச்சஸ். இன்னும் காய்க்கல்ல" என்றேன்.

"காய்க்காத மரத்துக்கு என்னத்துக்கு இவ்வளவு இடம்?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். இரண்டு பக்கமும் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாராம். "இப்பிடிச் செய்வம். கட்டட வேலை தொடங்க முதல் காய்ச்சா மரம் நிக்கட்டும். காய்க்காட்டிப் படியப் போடுவம்." அந்தம்மாவும் சிரித்துக்கொண்டு, "ஓம், அது சரிதான்" என்றார். என் மரத்தை நடுவில் நிறுத்தி இருவரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மரத்தை மடியில் வைத்துக் கொண்டு வந்தவள் ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாளே, அவளையும் ஒரு சொல் கேட்போம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் போனதும் நான் வெடித்தேன். "என்ட மரத்த வெச்சி நீங்க என்னத்துக்குப் பந்தயம் கட்டின?"

"இல்லாட்டி இன்டைக்கே படிக்கு அளந்திருப்பாங்க. கொஞ்சம் நாள் எடுத்துத் தந்திரிக்கன், விளங்கல்லயா?" என்றார் அவர். விளங்கியது. விளங்கியதால் கோபம் இன்னும் கூடியது. என் வளவில் என் மரம் நிற்பதற்கு நாள் எடுத்துத் தர இவர் யார்?

வேலை மாரி முடிந்து, கச்சானுக்கு முன் தொடங்குவதாக இருந்தது. அதற்குள் எப்படியாவது காய்க்க வைக்க வேண்டும். ஃபோனில் நான் பார்த்து வைத்திருந்த வழி ஒன்று மிச்சம் இருந்தது. குளிரே இல்லாத நாடுகளில் சிலர் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, பிறகு இலைகளையெல்லாம் கையால் உருவி விடுகிறார்கள். இலை போனதும் மரம் உறங்கி எழுந்துவிட்டதாக நினைத்து மொட்டு விடுகிறதாம். மாரி ஓய்ந்து இரவுகள் கொஞ்சம் குளிர்ந்திருந்த நாளில் தண்ணீரை நிறுத்தினேன். பிறகு ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு இலையாக உருவத் தொடங்கினேன்.

கையெல்லாம் பச்சை மணம், கசந்த வாதுமை மாதிரி. அந்த மணம் போகாமல் அபாயாத் துணியிலும் ஏறிவிட்டது. மதிலுக்கு மேலால் ஊர் எட்டிப் பார்த்தது. "பச்ச மரத்த மொட்டையடிக்கிறா, பாவம் புடிக்கும்" என்றாள் செருப்புக் கட்டச் சொன்ன ராத்தா. அந்த ராத்தா வீட்டு முருங்கையை வருடா வருடம் முட்டியளவுக்கு வெட்டித் தள்ளுவார்கள், அது பாவமில்லை. "முருங்க காய்க்கிற மரம் புள்ள" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். மகள் மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். ஒன்றும் கதைக்கவில்லை. அவள் அப்படித்தான், என்னைப் போல வாயாடி இல்லை என்று நான் நினைத்திருந்த காலம் அது.

மரம் வெறும் கொப்பும் குச்சியுமாக நின்றது. இரண்டு வாரம் போனதும், மொட்டு வைக்கும் இடங்களில் ஊசி முனை அளவுக்கு வீக்கம் தெரிந்தது. எனக்கு உறக்கம் வரவில்லை. சரியாக அந்த நேரம் ஒலுவிலில் என் தங்கைக்குப் பிரசவம். போகாமல் இருக்க முடியாது. "மரத்தக் கவனமாப் பாருங்க, தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, நான் வந்துதான் ஊத்துற" என்று இவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

தண்ணீர் ஊற்றவில்லை, உண்மைதான். சொன்னபடி செய்தார்.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோதே மீன் நாற்றம் அடித்தது. பின்பக்கம் போனால் ஊர்ப் பூனைகள் எல்லாம் மரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. மரத்தடியில், தெற்குப் பக்கமாக, கரைந்தது பாதி கரையாதது பாதியாக ஐஸ் குவிந்து கிடந்தது. அதற்குள் இரண்டொரு சூடை மீன் வேறு. மீன் ஐஸ் என்றால் என்னவென்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். குளிர் கூடட்டும் என்று உப்புப் போடுவார்கள். பெட்டிக்கு அடியில் கடல் தண்ணீரும் மீன் இரத்தமும் ஊறிக் கிடக்கும். தினமும் காலையில் பெட்டி கழுவியதும் மிஞ்சியதை என் பீச்சஸ் மரத்துக்குக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்.

"யா அல்லாஹ், என்ன இது?" என்று கத்தினேன்.

அவர் முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். "நீதானே சொன்ன, மரத்துக்குக் குளிர் வேணும் என்டு? குளிர் எங்கட தொழில்தானே. பண்டாரவளையில கூட இப்பிடிக் குளிர் இரிக்காது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அந்தத் தாழியை உடைத்தவன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினால் எப்படி இருக்கும்? மண்வெட்டியை எடுத்தேன். ஐஸையும் அதன் கீழிருந்த மண்ணையும் வாரி மதிலுக்கு அப்பால் எறிந்தேன். "உப்பு, உப்பு, இதுல உப்பு இரிக்கி என்டு உங்களுக்குத் தெரியாதா, மீன் யாவாரி தானே நீங்க?" என்று கேட்டபோதுதான் அவருடைய சிரிப்பு வாடியது. உண்மையிலேயே அவருக்கு அது தோன்றவில்லை. அந்த மனிதருக்கு ஐஸ் என்றால் குளிர் மட்டும்தான்.

உப்பைக் கழுவ ஒரே வழி தண்ணீர். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இழுத்து ஊற்றினேன். அவரும் ஊற்றினார், மகளும் ஊற்றினாள். பொழுது சாய்ந்து மஃரிபு வரைக்கும் ஊற்றினோம். இரவு சோறு போட்டுக் கொடுத்தபோதும் தட்டைச் சத்தமாகத்தான் வைத்தேன்.

தெற்குப் பக்கத்துக் கொப்புகள் கருத்துச் சுருங்கின. அந்த வீங்கிய மொட்டுகள் தொட்டால் உதிர்ந்தன. ஆனால் வடக்குப் பக்கத்துக் கொப்புகளில், காய்ந்து கிடந்த வேருக்கு ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்ததாலோ என்னவோ, ஒரு காலையில் ரோஸ் நிறத்தில் பூ இருந்தது. நான் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அதற்கடியில் நின்றேன். மணலும் மதிலும் மீன் பெட்டியும் உள்ள இந்த வளவில் அப்படியொரு பூ நின்றதை என்னால் நம்ப முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

அந்த அழுகை காய்வதற்குள் அடுத்த அநியாயம். பூப் பார்க்க வந்த எல்லோரிடமும் என் கணவர், "என்ட ஐஸ்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை இது. பாதி மரத்தைக் கொன்ற காகம், பழத்துக்கும் உரிமை கேட்கிறது. ஊரும் தலையாட்டியது! மொட்டையடித்த எனக்குப் பாவம், ஐஸ் கொட்டியவருக்குப் புகழ். இன்று வரைக்கும் சந்தையில் சிலர், பீச்சஸுக்கு மீன் ஐஸ் போட வேண்டும் என்று சொல்லித் திரிகிறார்கள். கேட்கிற பாவப்பட்ட மரங்களை அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும்.

பூத்ததில் பல உதிர்ந்தன. பிஞ்சு பிடித்ததில் அணில் கொஞ்சம் கொண்டுபோனது. மிஞ்சியவற்றுக்கு அபாயா வெட்டிய துண்டுகளில் சின்னச் சின்னக் கறுப்புப் பைகள் தைத்துக் கட்டினேன். "மரத்துக்கும் அபாயா போட்டுட்டாவா?" என்று மதிலுக்கு மேலால் கேட்டார்கள். கேட்கட்டும். மரம் காய்த்துவிட்டது. இனி அதை யாராலும் அசைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா மேசனோடு வந்தார். ஹோலில் உட்கார வைத்துச் சர்பத்தும் தொதலும் வைத்தோம். பிறகு பெருமையோடு மரத்தடிக்கு அழைத்துப் போனேன். அவர் ஒரு பையை அவிழ்த்தார். உள்ளே எலுமிச்சையளவு காய், பச்சை மாறி ஒரு பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் பழுத்திருக்கும். அவர் அதைப் பிடுங்கிவிட்டார். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. முந்தானையில் துடைத்து ஒரு கடி கடித்தார். முகத்தைச் சுளித்தார். கடித்ததைத் துப்பிவிட்டு மீதியை மதில் மேல் வைத்தார்.

"இதுக்கா புள்ள இவ்வளவு பாடு? தின்ன ஏலாத காய் காய்க்கிறதும் ஒண்டுதான், காய்க்காததும் ஒண்டுதான்" என்றார். மேசனைப் பார்த்து, "நீங்க அளங்க தம்பி" என்றார்.

மேசன் அளவு நாடாவை இழுத்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பிஞ்சைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் பழம் ருசியில்லை என்று சொல்கிற நியாயம் எந்த ஊர் நியாயம்? காய்த்தால் நிற்கட்டும் என்று வாக்குக் கொடுத்தவர் இதே வாயால்தானே கொடுத்தார்? எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட வாயைத் திறந்தேன். திறந்தால் சம்பந்தம் முறியும் என்பதும் தெரிந்தது. மகளுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தபடியே நின்றேன்.

"மாமி" என்றது ஒரு குரல். மகள். தொதல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்கதவில் நின்றாள்.

"இந்த வீடு என்ட பேருக்குத்தானே எழுதுற?"

"ஓம் மகள், பின்ன?"

"அப்ப படி எங்க வைக்கிற என்டு நான்தான் சொல்லணும். படி உள்ளுக்கு வரட்டும். ஹோல் சிறுத்தா சிறுக்கட்டும், நான்தானே அதுக்குள்ள இரிக்கப் போற. மரம் நிக்கும்."

குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. மேசனின் கையிலிருந்த நாடா சர்ரென்று சுருண்டு போய் உள்ளே ஒளிந்தது. மாப்பிள்ளையின் உம்மா மகளைப் பார்த்தார். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அவருடைய உம்மா கொடுத்த வீடு. அதில் ஒரு ஆணியை அடிக்கவும் அவருடைய கணவர் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஊரே சொல்லும். கடைசியில் அவர் சிரித்துவிட்டார்.

"வளவுக்காரி சொல்லிட்டா. பின்ன நமக்கென்ன கதை?" என்று தொதலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. எத்தனையோ காலமாக நான் கத்திக் கத்திக் கேட்டும் கிடைக்காததை, அவள் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு கண்ட இடமெல்லாம் அதைத்தான் கதைத்தேன். கலியாண வீட்டில், தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம், ராத்தாவிடம், வளவுக்காரியின் சொல்லுக்கு மேல் இங்கே ஒருவருக்கும் சொல்லில்லை, அதுதான் முறை, அதுதான் நியாயம் என்று அடித்துச் சொன்னேன். மிஞ்சிய பழங்கள் பழுத்தன. சிறிது, ருசி சுமார். பண்டாரவளைக்காரி பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டாகத் தின்றோம்.

நிக்காஹ் முடிந்தது. வீடு மகளின் பேருக்குப் போனது. நாங்கள் பின்னால் போட்ட இரண்டு அறைக்கு வந்துவிட்டோம். மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்த பிறகும் மரத்தைப் பார்க்காத நாளில்லை. உப்பில் கருகிய கொப்புகளை வெட்டிவிட்டேன், புதிய கொப்பு எழுந்தது. முன்னைவிட அடர்ந்து, மதிலுக்கும் மேலால் போனது. கட்டாரில் வேலை செய்கிற மருமகன் லீவில் வந்தபோது அதற்கடியில் இரண்டு கதிரை போட்டார்கள். பின்னேரங்களில் அங்கே இருந்துதான் தேத்தண்ணீர் குடிப்பார்கள்.

மறுபடியும் மாரி ஓய்ந்தது. தண்ணீரை நிறுத்தினேன். நாள் பார்த்து, ஒரு காலையில் ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்தினேன். இந்த முறை ஐஸும் இல்லை, அவசரமும் இல்லை, முழு மரமும் பூக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே முதல் கொப்பை உருவினேன்.

"உம்மா" என்று மகள் பின்கதவைத் திறந்தாள். "என்ன செய்றீங்க? இலைய உருவாதீங்க."

"இப்ப உருவினாத்தான் மகள் பூக்கும்."

"பூக்காட்டிக் கிடக்கட்டும். போன முறை மாதக் கணக்கில மொட்டையா நிண்ட. பார்க்கவே ஏலாது. எங்களுக்கு நிழல்தான் வேணும்."

"காய் வராதே."

"காய் கல்முனையில விக்கிது உம்மா, டின்னில. தின்ன ஆசை என்டா வாங்கித் தாறன். இறங்குங்க, விழுந்திருவீங்க."

அன்பாகத்தான் சொன்னாள். ஏணியையும் பிடித்துக்கொண்டாள். அந்த மரத்துக்காக நான் பட்டது, கேட்டது, மீன் லொறியில் வந்தது, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வளவுக்காரி நிற்கிறாள். அவள் சொல்லுக்கு மேல் சொல்லில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் ஏணியில் நிற்கிறேன். இறங்கி வந்தேன்.

பின் அறைக்கு வந்தபோது என் கணவர், "என்ன, முகம் ஒரு மாதிரி இரிக்கி?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மகள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.